மோதிரம் விழுந்த பிறகு வரும் ஆறு அத்தியாயங்கள்

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில், எதிரியின் சக்தியெல்லாம் அடங்கிய மோதிரம் எரிமலை நெருப்பில் விழுந்து அழிந்த பிறகும் 6 அத்தியாயங்கள் மீதம் இருக்கின்றன. பதினான்கு, பதினைந்து வயதில் படிக்கிறவருக்கு இது புரியாத சங்கதி. எதிரி ஒழிந்துவிட்டான், கோட்டை சரிந்துவிட்டது, இன்னும் எதற்கு இத்தனை பக்கங்கள்? அரசன் முடிசூடுகிறான். நண்பர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். ஊர் திரும்பினால் மரங்கள் வெட்டப்பட்டு ஊரே பாழாகிக் கிடக்கிறது. அதை மீட்டெடுக்க இன்னொரு சண்டை. கடைசியில், மோதிரத்தைச் சுமந்து சென்ற ஃப்ரோடோ (ஹாபிட் என்ற குள்ள இனத்தவன்), தான் காப்பாற்றிய ஊரில் தானே வாழ முடியாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். இளம் வயதில் இந்தப் பகுதியை மடமடவென்று புரட்டிவிட்டுப் போகும் வாசகர்கள் பலர். நாற்பது வயதில் அதே நாவலைத் திரும்ப எடுக்கும்போது, அதை எடுத்ததே இந்த 6 அத்தியாயங்களுக்காகத்தானோ என்று தோன்றும்.

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தயாராக வைத்திருக்கிறோம்: பால்யத்துக்கு ஏங்குகிறார்கள், நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் தப்பி ஓடுவதுதான் நோக்கம் என்றால் புதிது புதிதாக ஓட எவ்வளவோ உலகங்கள் இருக்கின்றன; ஏன் அதே வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்? என் கணிப்பு இது. நல்ல மிகுபுனைவு நாவலுக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. வாள் கிடைத்தது, மந்திரம் கைவந்தது, பயணம் தொடங்கியது என்ற வரவுக் கணக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். அதே பக்கங்களில் எழுதப்பட்டிருக்கும் இழப்புக் கணக்கைப் படிக்க வாசகருக்கு வயதாக வேண்டும். அந்த இரண்டாவது கணக்கை எழுதாத நாவல்கள் மறுவாசிப்பில் தாக்குப்பிடிப்பதில்லை.

முதல் வாசிப்பு என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். நிஜ உலகில் நடக்கும் நாவலில் தெரு, தேர்தல், திருமணம் எல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. மிகுபுனைவில் எதுவும் தெரியாது. வரைபடம், வம்சாவளி, மொழி, மந்திரத்தின் விதிகள் என்று அத்தனையையும் கதையை விட்டுவிடாமலேயே கற்றுக்கொண்டு போக வேண்டும். டோல்கீனைப் புதிதாகப் படிப்பவர் எதிரியான சவுரானையும் மந்திரவாதி சாருமானையும் சில அத்தியாயங்களுக்காவது குழப்பிக்கொள்ளாமல் இருப்பது அபூர்வம். கடைசியில் அரசனாகும் அரகார்ன் என்ற ஒரே ஆள் ஸ்ட்ரைடர், டூனடான், எலெஸ்ஸார் என்று பெயர் மாற்றி மாற்றி வருவார். கவனத்தின் பெரும்பகுதி இந்த நிர்வாக வேலைக்கே செலவாகிவிடுகிறது. மீதி கவனத்தை ‘அடுத்து என்ன?’ என்ற ஆவல் இழுத்துக்கொள்கிறது. ஒரு வாக்கியத்தின் முன் நின்று பார்க்க நேரம் ஏது?

நன்னூல் இதைப் பாடம் கேட்கும் மாணவனை வைத்துச் சொல்கிறது. ஒருமுறை கேட்டவன் இருமுறை கேட்டால் நூலில் பிழைபடுவது பெரிதும் நீங்கும். மூன்றாம் முறை கேட்டால் அதன் முறையை அறிந்து எடுத்துரைப்பான். பவணந்தியார் இலக்கண மாணவனைத்தான் நினைத்திருப்பார். மந்திரவாதிகளின் வம்சாவளிக்கும் அது அப்படியே பொருந்துவதை அவர் ஆட்சேபித்திருக்க மாட்டார்.

நார்னியா என்ற மந்திர உலகைப் பற்றிய சிறுவர் நூல்களை எழுதிய சி.எஸ். லூயிஸ் 1947-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து தொட்டார். முதல் வாசிப்பில் நமக்குக் கதைப் பசி. அது தணிந்த பிறகுதான் கதையின் உண்மையான சுவை தெரிகிறது என்பது அவர் வாதம். குழந்தைகள் ஒரே கதையை ஒரே வார்த்தைகளில் மறுபடி கேட்கிறார்களே, ஏன்? ‘லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்’ கதையில் படுக்கையில் இருப்பது பாட்டி இல்லை, ஓநாய் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருப்பதால் அந்தக் கணம் இன்னும் ருசிக்கிறது. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது வாசகர்களின் ரசனை குறையவில்லை, சற்றுக் கூடியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை. சிலவற்றில் முடிவு தலைகீழாகவும் வந்தது. எப்படியானாலும், முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்ற பொதுநம்பிக்கை அவ்வளவு உறுதியானது இல்லை.

மறுவாசிப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று துப்பறியும் வாசிப்பு. ஹாரி பாட்டர் நாவல்கள் இதற்கென்றே கட்டப்பட்டவை. 2003-இல் வந்த ஐந்தாம் நூலில் ஒரு பழைய வீட்டைச் சுத்தம் செய்யும் காட்சி வருகிறது. அலமாரியிலிருந்து எடுத்துப்போடும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று. ஒரே வாக்கியம், அத்துடன் கதை நகர்ந்துவிடும். அந்த லாக்கெட் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2005-இலும் 2007-இலும் வந்த அடுத்த நூல்களில்தான் தெரிகிறது. திரும்பப் போய் அந்த வரியைக் கண்டுபிடிக்கும்போது எழுத்தாளரோடு ரகசியமாகக் கைகுலுக்கிய சந்தோஷம் கிடைக்கும்.

ஆனால் இந்தச் சந்தோஷத்துக்கு அளவு உண்டு. எல்லாத் துப்புகளும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசை இதன் எல்லையைக் காட்டியது. 1996-இல் தொடங்கிய வரிசையில் ஐந்தாம் நூல் 2011-இல் வந்தது. ஆறாவதுக்கான காத்திருப்பு நீண்டுகொண்டே போக, வாசகர்கள் இருக்கும் ஐந்தையும் வழக்குக் கட்டுகளைப் புரட்டுவதுபோலப் புரட்டி, ஒவ்வொரு கனவுக்கும் ஒவ்வொரு கொடிச் சின்னத்துக்கும் விளக்கம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதில் அபாரமான உழைப்பு இருக்கிறது. ஆனால் அது எதிர்காலத்தை நோக்கிய வாசிப்பு. இன்னும் வராத நூலைப் படிக்கும் முயற்சி.

இரண்டாவது வகையில், கதையில் எதுவும் மாறாமலேயே நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது மாறிவிடும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் டோல்கீனிடமே இருக்கிறது. ‘தி டூ டவர்ஸ்’ பகுதியில், எதிரியின் நாடான மோர்டோரின் எல்லையில் சிரித் உங்கோல் மலைப்படிகள். ஃப்ரோடோ களைத்து, தன் பணியாளும் தோழனுமான சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான். காவலிருக்க வேண்டிய சாமும் கண்ணயர்ந்துவிட்டான். வழிகாட்டி என்ற பெயரில் கூட வந்து, இருவரையும் ராட்சதச் சிலந்தியிடம் ஒப்படைக்கத் திட்டமிட்டிருக்கும், முன்பு மோதிரத்தை வைத்திருந்த கோல்லம் அப்போது திரும்பி வருகிறான். தூங்கும் இருவரையும் பார்க்கிறான். முகத்தில் ஏதோ ஒரு மாற்றம். கண்ணிலிருந்த ஒளி மங்குகிறது. மேலே கணவாயைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான், உள்ளுக்குள் தன்னோடு தானே வாதாடுவதுபோல. பிறகு நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். தடவிக்கொடுப்பது என்றே சொல்லலாம். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால், காலம் தாண்டி உயிர் வாழ்ந்து, உற்றாரை எல்லாம் இழந்து நிற்கும் ஒரு கிழட்டு ஹாபிட்டைத்தான் பார்த்திருப்பார்கள் என்கிறார் டோல்கீன்.

ஃப்ரோடோ தூக்கத்தில் முனகுகிறான். சாம் விழித்துக்கொள்கிறான். கோல்லம் தன் எஜமானரின் மீது கைவைத்திருப்பது மட்டும்தான் அவன் கண்ணில் படுகிறது. என்ன செய்கிறாய், எங்கே பதுங்கிப் போய்வந்தாய் என்று அதட்டுகிறான். கோல்லம் பின்வாங்குகிறான், கண்ணில் பச்சை மினுக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான், அந்தக் கணம் போய்விட்டது.

முதல் வாசிப்பில் நாம் சாமின் கட்சி. இந்த நயவஞ்சகனை நம்பாதே என்று நாமும் சேர்ந்து கத்துவோம். சாம் நல்லவன், விசுவாசி, நாவலின் இதயமே அவன்தான். மறுவாசிப்பிலும் அவன் கெட்டவனாகிவிடுவதில்லை, அங்கேதான் வேதனை. அவன் சோர்ந்திருந்தான், பயந்திருந்தான், ஒரு கடுஞ்சொல் சொன்னான். அந்த ஒரு சொல்லில் ஓர் ஆன்மாவின் கடைசி வாய்ப்பு முடிந்துபோனது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. டோல்கீன் 1963-இல் ஒரு கடித வரைவில், கதையிலேயே தனக்கு மிகத் துயரமாகப் படும் இடம் ஒருவேளை இதுதான் என்று எழுதியிருக்கிறார். தன் கடுமையால் யாருக்கோ ஒரு கதவைச் சாத்திவிட்ட அனுபவம் வாழ்க்கையில் வந்த பிறகு படிக்கும்போது, இது சிலந்திக் குகைக்குப் போகும் வழியில் வரும் சின்ன இடைவெளியாகத் தெரியாது.

சில சமயம் நூலே உண்மையில் மாற்றி எழுதப்பட்டுவிடுவதும் உண்டு. டோல்கீனின் முந்தைய நாவலான ‘தி ஹாபிட்’ 1937-இல் வெளிவந்தபோது அதிலிருந்த கோல்லம் வேறு ஆள். விடுகதைப் போட்டியில் கதைநாயகன் பில்போ வென்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றதும் வாக்கைக் காப்பாற்ற மோதிரத்தைத் தேடுகிறான். காணவில்லை என்றதும் மன்னிப்புமேல் மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வெளியேறும் வழியைக் காட்டிவிட்டுப் போகிறான். பிறகு டோல்கீன் அடுத்த நாவலை எழுதும்போது அந்த மோதிரம் உலகையே ஆட்டிவைக்கும் தீய சக்தியாக வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட பொருளை ஒருவன் பந்தயப் பரிசாக வைப்பானா? அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது இடம்பெற்றது. நாம் இன்று படிப்பது அதைத்தான். பழைய வடிவத்தை என்ன செய்வது? அது பில்போ சொன்ன பொய், மோதிரத்தின் மீது தன் உரிமையை நிலைநாட்ட அவன் இட்டுக்கட்டியது என்று அடுத்த நாவலின் முன்னுரையில் விளக்கிவிட்டார். தன் முதல் பதிப்பையே ஒரு பாத்திரத்தின் புளுகாக்கிவிட்ட இந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. 1937 பதிப்பைச் சிறுவயதில் படித்தவர்களுக்கு, பின்னாளில் தங்கள் நினைவில் இருந்ததே கதைக்குள் ஒரு பொய்யாக மாறியிருக்கும்.

உர்சுலா லெ குவின் செய்தது இதைவிடக் கடினமான காரியம். எர்த்ஸீ தீவுகளின் கதையை அவர் 1968-இல் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் தொடங்கி, 1972-இல் மூன்றாவது நூலோடு முடித்திருந்தார். ஆடு மேய்க்கும் சிறுவன் கெட் மந்திரவாதிகளின் தலைவனாகி, உலகைக் காப்பாற்ற மரணத்தின் நிலம்வரை போய்வந்து, தன் சக்தி முழுவதையும் அங்கே இழக்கிறான். டிராகனின் முதுகிலேறி வீடு நோக்கிப் பறக்கிறான். அழகான முடிவு. வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார்.

1990-இல், 18 ஆண்டுகள் கழித்து, ‘தெஹானு’ வந்தது. டிராகன் முதுகில் பறந்தவன் எங்கே இறங்கினான் என்பதை அது சொல்கிறது. இறங்கியவன் நோயாளி, சக்தி இல்லை என்ற வெட்கத்தில், அரசனின் ஆட்கள் தேடிவந்தால் முகம் காட்டக் கூசி, மலைமேல் ஆடு மேய்க்க ஓடுகிறான். கதையின் மையத்தில் அவன் இல்லை. இரண்டாவது நூலில் இளம் பூசாரிணியாக இருந்த டெனார் இப்போது நடுவயது விதவை. தீயில் தள்ளப்பட்டு முகமும் கையும் கருகிய ஒரு சிறுமியை அவள் வளர்க்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், பயப்படுகிறாள். வீர சாகசத்தை எதிர்பார்த்து வந்த வாசகர்களில் பலருக்கு இது பெரும் ஏமாற்றமாக இருந்தது. இருபது வயதில் எடுத்தவர் பாதியில் மூடிவைத்தால் குறை சொல்ல மாட்டேன்.

லெ குவின் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் தன்னுடைய நூல்களையே மறுவாசிப்புக்கு உட்படுத்தினார். முதல் மூன்று நூல்களில் தான் ஆண் நாயகர்களின் மரபுக்குள் நின்று எழுதியதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ‘தெஹானு’ முன்னவற்றை அழித்து எழுதவில்லை, ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு முதல் நூலுக்குத் திரும்பினால் பழைய பக்கங்கள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. பெண்களின் மந்திரம் பலவீனமானது, பெண்களின் மந்திரம் தீயது என்ற ஊர்ப் பழமொழி முதல் நூலின் ஆரம்பத்திலேயே வருகிறது. முதல் தடவை அது உலகை நமக்கு அறிமுகப்படுத்தும் ஒரு தகவல்; தாண்டிப் போய்விடுவோம். இப்போது, இதை யார் சொன்னார்கள், யாருக்கு ஆதாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்பதும் நூலில் தெளிவாக இருக்கிறது. பல பதிப்புகளின் அட்டைகள் அவனை வெள்ளையனாக வரைந்ததால், அட்டையை நம்பிய வாசகர்கள் எழுத்தில் இருந்ததைப் படிக்காமலேயே போயிருக்கிறார்கள்.

இழப்புக் கணக்கைக் கதையின் விதியாகவே ஆக்கியவர் ஜெர்மானிய எழுத்தாளர் மிக்கேல் எண்டே. 1979-இல் வந்த ‘தி நெவர்எண்டிங் ஸ்டோரி’ இரண்டு நிற மையில் அச்சானது. நிஜ உலகுக்கு ஒன்று, கற்பனை உலகுக்கு மற்றொன்று. 26 அத்தியாயங்களின் முதல் எழுத்துகளும் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் வரும். பலருக்கும் நினைவில் இருப்பது முதல் பாதிதான்: பாஸ்டியன் என்ற தனிமைச் சிறுவன் ஒரு புத்தகத்தைப் படிக்கிறான், புத்தகம் அவனை உள்ளே அழைக்கிறது. 1984-இல் வந்த திரைப்படமும் ஏறக்குறைய அந்தப் பாதியோடு நின்றுவிட்டது. இரண்டாம் பாதியில் பாஸ்டியன் கேட்பதெல்லாம் கிடைக்கிறது: அழகு, பலம், புகழ். ஒவ்வொரு விருப்பம் நிறைவேறும்போதும் சொந்த வாழ்க்கையின் ஒரு நினைவு அவனிடமிருந்து மறைகிறது. அழகனானதும் தான் குண்டுப் பையனாக இருந்தது மறந்துபோகும். மறந்ததே அவனுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவன் ஒரு நகரத்துக்கு வருகிறான். அவனைப் போலவே முன்பு வந்து, எல்லா நினைவுகளையும் செலவழித்துவிட்ட மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். எழுத்துகள் பொறித்த பகடைகளை அர்த்தமில்லாமல் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிறுவயதில் இந்த இடம் வெறும் விநோதமாகப் படும். விரும்பியதை எல்லாம் அடைந்து, எதற்காக விரும்பினோம் என்பதை மறந்துபோன பெரியவர்களைச் சந்தித்த பிறகு இது எல்லாவற்றையும்விட பயங்கரமான காட்சி.

மறுவாசிப்பு எப்போதும் புத்தகத்துக்குச் சாதகமாகவே போகும் என்றும் இல்லை. நார்னியா வரிசையின் கடைசி நூலில் (1956) ஸூசன் என்ற பெண், நைலான் காலுறைகளிலும் உதட்டுச் சாயத்திலும் விருந்து அழைப்புகளிலும்தான் ஆர்வமாக இருக்கிறாள் என்று சொல்லப்பட்டு, மற்றவர்கள் சேரும் நார்னியாவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். குழந்தையாகப் படித்தபோது அவள் விட்டுப்போனது வருத்தம். வளர்ந்து படிக்கும்போது வருத்தம் எழுத்தாளர்மீது கோபமாகிறது. கருத்த நிறத்தவர்களான கலோர்மென் மக்களை லூயிஸ் சித்தரித்த விதமும் அப்படித்தான் உறுத்துகிறது. ஹாரி பாட்டரில், ஹாரியின் தாய்மீது கொண்ட காதலுக்காக உயிரையே பணயம் வைத்த ஆசிரியர் ஸ்னேப்பின் கதை இன்னும் சிக்கல். முடிவு தெரிந்தவர்கள் அவரைத் தியாகியாக வைத்து முதலிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். மூன்றாம் நூலில், ஒவ்வொருவரின் ஆழ்ந்த பயமும் உருவெடுத்து வரும் வகுப்பில், 13 வயது நெவிலின் முன் வந்து நிற்பது ஸ்னேப். பெற்றோர் சித்திரவதையில் சித்தம் கலங்கிக் கிடக்கும் பையன் அவன். அவனுக்கு உலகிலேயே பெரிய பயம் தன் ஆசிரியர்! பள்ளிக்கூட வயதில் படித்தபோது அது நகைச்சுவைக் காட்சி. ஸ்னேப்பின் காதல் எவ்வளவு உன்னதமானதாக இருந்தாலும் இந்த வகுப்பறையை அது ஈடுகட்டவில்லை என்பதே என் தீர்ப்பு. நாவல் அவரை மன்னிப்பது அதன் விருப்பம்.

இவ்வளவு குறை தெரிந்த பிறகும் ஏன் அதே நூல்களையே எடுக்கிறோம் என்பதற்கு நினைவாற்றல் ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகளே பிற்காலத்தில் மற்றவற்றைவிட அதிகமாக மேலெழுகின்றன. மிகுபுனைவு பெரும்பாலோர் கைக்கு வருவது அந்தப் பருவத்தின் தொடக்கத்தில். சில வரிசைகள் அந்தப் பருவம் முழுவதையுமே ஆக்கிரமித்துவிடுகின்றன. ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 1990-இல் தொடங்கியது. 2007-இல் ஜோர்டன் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் தொடர்ந்து எழுத, 14-ஆம் நூலோடு 2013-இல் முடிந்தது. 15 வயதில் தொடங்கியவருக்கு முடிக்கும்போது 38. ஒவ்வொரு புது நூல் வரும்போதும் பழையவற்றை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிவிடுவது அதன் வாசகர்களிடையே வழக்கமாக இருந்தது. அவர்களுக்கு அது படிப்பாக மட்டுமே இருந்திருக்க முடியாது. எந்த நூல் வந்தபோது தான் எங்கே, யாரோடு இருந்தோம் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்திருக்கும்.

மறுபடி படிப்பதென்றால் வரிசைக்கிரமமாகத்தான் படிக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. நார்னியா நூல்களுக்கு 1994 முதல் கதை நடக்கும் கால வரிசையில் எண் போட்டு விற்கிறார்கள். அந்த உலகம் உண்டாகும் கதை முதலில் வந்துவிடுகிறது. புதிதாகப் படிக்கும் குழந்தைக்கு இது அநியாயம். அலமாரிக் கதவைத் திறந்து பனிக்காட்டில் கால் வைக்கும்போது கிடைக்க வேண்டிய திகைப்பு முன்கூட்டியே செலவாகிவிடும். ஏற்கெனவே படித்தவருக்கு அந்த வரிசையில் ஒன்றும் நஷ்டமில்லை. காட்டின் நடுவே தன்னந்தனியாக நிற்கும் தெருவிளக்கு எப்படி அங்கே முளைத்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். எர்த்ஸீக்கு என் சிபாரிசு வேறு. நடுவிலுள்ள இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிட்டு, ‘தெஹானு’வை முதலில் படித்து முடித்த கையோடு 1968-இன் முதல் நூலைத் திறக்க வேண்டும். கோண்ட் மலையில் ஆடுகளை அழைக்கத் தன் தாயின் சகோதரியிடம் ஒரு மந்திரச் சொல்லைக் கற்றுக்கொள்ளும் சிறுவன் அங்கே இருப்பான். அவனுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெண் என்பதை, ஊர்ப் பழமொழியைத் தாண்டிப் போன வேகத்தில், போன தடவை நாம் கவனித்திருக்க மாட்டோம்.